இரண்டாம் பாகம் யாருடைய படம்?

1980 மே மாதம் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' வெளியானபோது அமெரிக்க இயக்குநர் சங்கம் ஓர் ஆட்சேபத்தைக் கிளப்பியது. படத்தை இயக்கியவர் இர்வின் கெர்ஷ்னர். அவர் பெயர் படத்தின் தொடக்கத்தில் இல்லை, முடிவில்தான் வருகிறது. தொடக்கத்தில் திரையில் தெரிவது லூகாஸ்ஃபிலிம் என்கிற நிறுவனத்தின் பெயர். 1977-இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தை ஜார்ஜ் லூகாஸே இயக்கியிருந்ததால் அப்போது இது பிரச்சினையாகவில்லை. இப்போது இயக்குநர் வேறு ஆள், ஆனால் முன்னால் நிற்பது பழைய இயக்குநரின் பெயர் கொண்ட நிறுவனம். சங்கம் அபராதம் விதித்தது. லூகாஸ் அதைக் கட்டிவிட்டுச் சங்கத்தை விட்டே விலகினார்.

டைட்டில் கார்டு பற்றிய இந்தச் சண்டைக்குள் இருக்கும் கேள்வி அதைவிடப் பழையது. ஒருவர் உருவாக்கி வெற்றிபெற்ற படத்தின் அடுத்த பாகத்தைப் பெரும் செலவில் இன்னொருவர் எடுக்கும்போது, அந்தப் படத்தின் குணத்தைத் தீர்மானிப்பது யார்? விமர்சகர்களும் வரலாற்றாசிரியர்களும் தயாரிப்பாளர்களும் ரசிகர்களும் எழுபது ஆண்டுகளாக இதற்கு வெவ்வேறு விடைகள் சொல்லிவருகிறார்கள். அந்த விடைகள் எங்கே பிறந்தன, எங்கே வலுவாக நிற்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உதாரணங்கள் பெரும்பாலும் ஹாலிவுட்டிலிருந்து வருகின்றன. இயக்குநரை மாற்றித் தொடர்படம் எடுக்கும் பழக்கம் அங்கேதான் ஒரு தொழில்முறையாக ஊன்றியிருக்கிறது. தயாரிப்பு விவரங்கள் ஓரளவுக்காவது பொதுவெளிக்கு வருவதும் அங்கேதான்.

இயக்குநர் ஏன் மாறுகிறார்

காரணங்கள் பல. முதல் பட இயக்குநர் மறுத்துவிடலாம்: 'ஜாஸ்' எடுத்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இரண்டாம் பாகத்தை ஏற்கவில்லை. தானே ஒதுங்கலாம்: ஹாரி பாட்டர் வரிசையில் இரண்டு படங்கள் முடித்த கிறிஸ் கொலம்பஸ் மூன்றாவதைத் தயாரிப்பாளராக மட்டும் பார்த்துக்கொண்டார். இறந்துபோயிருக்கலாம்: டோனி ஸ்காட் 2012-இல் மறைந்த பிறகு 'டாப் கன்' இரண்டாம் பாகம் ஜோசஃப் கோசின்ஸ்கியிடம் போய் 2022-இல் வெளிவந்தது. வேலைக்கு நடுவிலேயே நீக்கப்படவும் கூடும். கடைசி வகையில்தான் வழக்குகளும் கசப்பும் அதிகம். ஆராய்ச்சிக்கு மிகுதியாகப் பயன்படுவதும் அதுவே.

'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தையே கொப்போலா முதலில் எடுக்க விரும்பவில்லை. மார்ட்டின் ஸ்கார்சசேயின் பெயரைச் சொன்னார், ஸ்டூடியோ ஏற்கவில்லை. ஒரு தொடர்படம் யார் கைக்குப் போகிறது என்பதில் தற்செயலுக்கு இருக்கும் பங்கு பெரிது. கோட்பாடுகள் பொதுவாக இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

படம் இயக்குநருடையது என்ற வாதம்

1954 ஜனவரியில் பிரெஞ்சு இதழான 'காயே து சினிமா'வில் பிரான்சுவா த்ரூஃபோ எழுதிய கட்டுரையை இந்த வாதத்தின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். திரைக்கதை எழுத்தாளரின் இலக்கியத் தரத்தை நம்பி நின்ற பிரெஞ்சுப் படங்களை அவர் தாக்கினார். கேமராவால் சிந்திக்கும் இயக்குநர்களைத் தூக்கிப்பிடித்தார். 1960-களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ சாரிஸ் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அவர் பார்வையில், ஸ்டூடியோ கொடுத்த எந்தக் கதையை எடுத்தாலும் நல்ல இயக்குநரின் முத்திரை அதில் தெரியும். கதைக்கும் இயக்குநரின் ஆளுமைக்கும் இடையிலுள்ள இழுபறியில்தான் கலை பிறக்கிறது. பாலின் கேல் 1963-இல் இதைக் கடுமையாக மறுத்தார்: மோசமான கதையில் முத்திரையைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்வது விமர்சனம் ஆகாது என்பது அவர் கட்சி.

தொடர்படத்துக்கு சாரிஸின் வாதம் கச்சிதமாகப் பொருந்துவதுபோலத் தோன்றும். ஏனெனில் இங்கே கதை, பாத்திரம், உலகம் எல்லாம் முன்பே கொடுக்கப்பட்டவை. மாறுவது இயக்குநர் மட்டும். ஏலியன் வரிசையே நல்ல சாட்சி. ரிட்லி ஸ்காட்டின் முதல் படம் (1979) இருட்டும் மௌனமும் நிறைந்த திகில் படம். ஜேம்ஸ் கேமரூனின் இரண்டாவது (1986) போர்ப்படம். டேவிட் ஃபிஞ்சரின் மூன்றாவது (1992) ஒரு சிறைக்கோளில் நடக்கும் சாவுச் சடங்கு. ழான்-பியர் ழெனேயின் நான்காவது (1997) விநோதமான ஒரு நையாண்டி. நாலிலும் நாயகி ஒருவரே, சிகோர்னி வீவர். நாலும் வெவ்வேறு ஆளின் படங்கள் என்பது பத்து நிமிடம் பார்த்தாலே விளங்கிவிடும்.

தமிழ் வாசகருக்கு இந்த வாதம் இயல்பானதாகவே தோன்றும். 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று ஒரே பெயரைத் திரையில் பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே இரண்டாம் பாகம் என்றால் பெரும்பாலும் அதே இயக்குநர்தான்: ஷங்கரின் 'எந்திரன்' '2.0' ஆனதும், ஹரியின் 'சிங்கம்' வரிசையும், 'இந்தியன் 2'வும் அப்படி வந்தவை. மாறியவை சில உண்டு. விஷ்ணுவர்தன் 2007-இல் எடுத்த 'பில்லா'வின் முன்கதையை 2012-இல் சக்ரி டோலட்டி இயக்கினார். வேல்ராஜின் 'வேலையில்லா பட்டதாரி' (2014) அடுத்த பாகத்தில் சௌந்தர்யா ரஜினிகாந்திடம் போனது. கதையும் வசனமும் தனுஷ் எழுதியவை. இந்த இரண்டிலும் படத்தை நாயகனின் படம் என்றுதான் நம் மக்கள் பேசினார்கள். இயக்குநரே எல்லாம் என்று நம்பும் ஊரிலும் அந்த நம்பிக்கை நட்சத்திரத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது.

இந்த வாதத்தின் பலவீனம், முடிந்த படத்தை மட்டும் பார்த்து அதற்குக் காரணமான ஆளை ஊகிப்பது. 'ஏலியன் 3'இன் இருண்ட தொனியை ஃபிஞ்சரின் முத்திரை என்று இன்று எழுதுகிறார்கள். அவருடைய பிற்காலப் படங்களோடு வைத்துப் பார்த்தால் அது சரியாகவே படும். அவரோ அந்தப் படத்தைத் தன்னுடையது என்று ஏற்க மறுத்தவர். முத்திரை தெரிவதும் அதிகாரம் இருந்ததும் ஒன்றல்ல. சாரிஸின் அளவுகோலால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

நிறுவனத்தின் படம்

இயக்குநரைக் கொண்டாடிய இதே 'காயே' வட்டத்துக்குள்ளேயே 1957-இல் ஆந்த்ரே பசான் ஓர் எச்சரிக்கை எழுதினார்: அமெரிக்கப் படங்களில் தனிமனித மேதைமையைத் தேடும் நீங்கள், அந்த அமைப்பின் மேதைமையை ஏன் பார்க்க மறுக்கிறீர்கள் என்று கேட்டார். தாமஸ் ஷாட்ஸ் 1988-இல் ஹாலிவுட் ஸ்டூடியோக்களைப் பற்றி எழுதிய நூலுக்கு அந்தச் சொற்களையே தலைப்பாக்கினார். ஸ்டூடியோவின் கடிதங்களையும் கோப்புகளையும் தோண்டி, படங்களின் நடையைத் தீர்மானித்ததில் தயாரிப்பாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் இருந்த பங்கை அவர் காட்டினார்.

ஜேம்ஸ் பாண்ட் இந்த வாதத்தின் முதல் சாட்சி. 1962 முதல் 2021 வரை ஒரே நிறுவனம் 25 படங்கள் எடுத்திருக்கிறது. இயக்குநர்கள் மாறினார்கள், நாயகர்களும் மாறினார்கள். படம் பாண்ட் படமாகவே இருந்தது. 25-ஆவது படத்துக்கு வந்த டேனி பாயில் 2018 ஆகஸ்டில் விலகியபோது கேரி ஃபுகுநாகா வந்தார், வேலை தொடர்ந்தது. மார்வெல் படங்களில் இது இன்னும் தூரம் போயிருக்கிறது. பெரிய சண்டைக் காட்சிகளின் முன்வரைவை நிறுவனத்தின் குழுவே கணினியில் தயார் செய்கிறது. 'பிளாக் விடோ'வுக்காகத் தன்னிடம் பேசியபோது, சண்டைக் காட்சிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொன்னார்கள் என அர்ஜென்டினா இயக்குநர் லுக்ரேசியா மார்தெல் 2018-இல் வெளிப்படையாகவே சொன்னார். அவர் அந்தப் படத்தை எடுக்கவில்லை.

ஆனால் ஒரு வரிசை ஏன் சீராக இருக்கிறது என்று மட்டும்தான் நிறுவன வாதம் நன்றாகச் சொல்கிறது. அதே வரிசைக்குள் ஒரு படம் திடீரென உயர்வதற்கு அதனிடம் விளக்கம் இல்லை. ஹாரி பாட்டர் மூன்றாம் படம் (2004) அதற்கு நல்ல உதாரணம். தயாரிப்பாளர் டேவிட் ஹேமன் மாறவில்லை, திரைக்கதை எழுதிய ஸ்டீவ் குளோவ்ஸ் மாறவில்லை, கலை இயக்குநர் ஸ்டூவர்ட் கிரெய்க் மாறவில்லை. புதிதாக வந்தவர் மெக்சிகோவின் அல்போன்சோ குவாரோன். பிள்ளைகள் சீருடையைக் களைந்து சாதாரண உடையில் நடந்தார்கள். ஹாக்ரிட்டின் குடிசை சமதளத்திலிருந்து ஸ்காட்லாந்து மலைச்சரிவுக்குப் போனது. பள்ளிக்குள் ஒரு பெரிய மணிக்கூண்டு வந்தது. கேமரா அலையத் தொடங்கியது. பலரும் அந்த வரிசையின் சிறந்த படம் என்று அதைச் சொல்கிறார்கள். எட்டுப் படங்களில் வசூல் குறைந்ததும் அதுதான். குவாரோன் ஒரு படத்தோடு போய்விட்டார், குடிசை சரிவிலேயே இருந்துவிட்டது. வந்துபோனவரின் தேர்வு வரிசையின் சொத்தாகிவிட்டது. இயக்குநர் தரப்பும் நிறுவனத் தரப்பும் இதைத் தத்தம் வெற்றியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கதையை வைத்திருப்பவர், முகத்தை வைத்திருப்பவர்

மூன்றாவது தரப்பு, கதையுலகை உருவாக்கியவர் கையில் படம் இருக்கிறது என்கிறது. லூகாஸ் இதற்குத் தலையான உதாரணம். 'எம்பயர்' படத்தை வங்கிக் கடன் வாங்கித் தன் பணத்தில் தயாரித்தார். முதல் வரைவை எழுதிய லீ பிராக்கெட் 1978 மார்ச்சில் இறந்ததும் அடுத்த வரைவைத் தானே எழுதி, பிறகு லாரன்ஸ் காஸ்டனிடம் கொடுத்தார். கெர்ஷ்னர் அவருக்குத் திரைப்படக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர்.

அப்படியிருந்தும் அந்தப் படத்தில் மக்கள் மனதில் நின்ற ஒரு கணம் எப்படிப் பிறந்தது என்று பார்க்கவேண்டும். ஹான் சோலோவை உறையவைக்கப் போகிறார்கள். லேயா தன் காதலைச் சொல்கிறாள். எழுதியிருந்த பதில் அந்த ஆளுக்குப் பொருந்தவில்லை என்று, சோலோவாக நடித்த ஹாரிசன் ஃபோர்டுக்கும் கெர்ஷ்னருக்கும் பட்டது. செட்டில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் வந்தது, 'எனக்குத் தெரியும்' என்ற அளவிலான ஒரு சின்னப் பதில். ஜனங்கள் சிரித்துவிடுவார்களோ என்று லூகாஸுக்குத் தயக்கம். ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். பாத்திரத்தைப் படைத்தவர் லூகாஸ், அவன் வாயிலிருந்து என்ன வரும் என்று கண்டவர்கள் அங்கே நின்ற இருவர். மூன்றாம் படத்துக்கு லூகாஸ் ரிச்சர்ட் மார்குவாண்டை வைத்துக்கொண்டு, பெரும்பாலான நாட்கள் தானும் படப்பிடிப்பில் இருந்தார். அந்தப் படத்துக்கு இரண்டாம் படத்தின் மதிப்பு கிடைக்கவில்லை என்பதில் விமர்சகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடில்லை.

நட்சத்திரமே தயாரிப்பாளராகவும் இருந்தால் கணக்கு மாறுகிறது. 'மிஷன் இம்பாசிபிள்' முதல் ஐந்து படங்களுக்கு ஐந்து இயக்குநர்கள்: டி பால்மா, ஜான் வூ, ஏப்ரம்ஸ், பிராட் பேர்ட், மெக்குவாரி. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புது ஆள் என்பதே டாம் குரூஸின் கொள்கைபோல இருந்தது. 2015-க்குப் பிறகு மெக்குவாரி அப்படியே தங்கிவிட்டார். நாலாவது படத்திலேயே பெயர் போடாமல் திரைக்கதையைச் சரிசெய்யும் வேலைக்கு வந்து, உள்ளே எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். இந்த விவரம் பின்னால் வரும் வாதத்துக்கு முக்கியம்.

பெயர் முன்னால் வராத கைகள்

பத்திரிகைகளில் குறைவாகவே பேசப்படும் தரப்பு இது. பாண்ட் படங்கள் ஒரே மாதிரி இருப்பதற்குத் தயாரிப்பாளரைக் காரணம் காட்டுவது எளிது. உண்மையில் கென் ஆடம் போட்ட செட்டுகளும், மாரிஸ் பிண்டரின் டைட்டில் காட்சிகளும், பீட்டர் ஹன்ட்டின் வெட்டுகளும் சேர்ந்தே அந்த நடையை உண்டாக்கின. தொடக்கப் படங்களின் படத்தொகுப்பாளரான ஹன்ட் 1969-இல் ஒரு பாண்ட் படத்தையே இயக்கினார். படத்தொகுப்பும் இரண்டாம் யூனிட்டும் பார்த்த ஜான் கிளென் 1981 முதல் 1989 வரை தொடர்ந்து ஐந்து படங்கள் இயக்கினார். 1977-இல் வந்த 'தி ஸ்பை ஹூ லவ்டு மி'யின் தொடக்கத்தில் பாண்ட் பனிமலை விளிம்பிலிருந்து ஸ்கீ கட்டியபடி பாய்ந்து, நீண்ட மௌனத்துக்குப் பிறகு பாராசூட்டை விரிப்பார். அதைக் கனடாவின் பாஃபின் தீவில் எடுத்தது கிளெனின் குழு. படத்தின் இயக்குநர் லூயிஸ் கில்பர்ட். அந்தக் காட்சிக்காகவே அந்தப் படத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு.

அப்படியானால் கைவினைஞர்கள் தொடர்ந்து இருந்தால் போதும், இயக்குநர் யாராக இருந்தாலும் ஒன்றுதானா? அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. பெரும்பாலும் ஒரே குழுவோடு கொலம்பஸ் எடுத்ததும் குவாரோன் எடுத்ததும் வேறுவேறாக இருக்கின்றன. ஆனால் குழுவும் சேர்ந்து மாறும்போது என்ன ஆகிறது என்பதற்கு அழுத்தமான ஓர் ஆதாரம் இருக்கிறது.

இரண்டு பிரதிகள்: 'சூப்பர்மேன் 2'

இந்தக் கேள்வியை ஆராய்பவர்களுக்குச் சோதனைக்கூடத்துக்கு மிக அருகில் வருவது இந்தப் படம். ரிச்சர்ட் டானர் 1977 முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தார். செலவு ஏறியது, தயாரிப்பாளர்களான சால்கைண்டுகளோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. இருவருக்கும் நடுவில் தூதுபோக ரிச்சர்ட் லெஸ்டரை அழைத்துவந்தார்கள். முதல் பாகத்தை முடிக்க இரண்டாம் பாகத்தை நிறுத்திவைத்தார்கள். 1978 டிசம்பரில் முதல் பாகம் பெருவெற்றி பெற்றது. டானரைத் திரும்ப அழைக்கவில்லை. மிச்சத்தை லெஸ்டர் எடுத்தார்.

டானர் எடுத்து முடித்திருந்த பகுதி பெரிது. தனிப்பெயரில் இயக்குநர் என்று போட வேண்டுமானால் படத்தில் குறிப்பிட்ட பங்கை லெஸ்டரே எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையால்தான் முடிந்த காட்சிகளும் மறுபடி எடுக்கப்பட்டன என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதற்குள் முதல் படத்தின் ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வர்த்தும், கலை இயக்குநர் ஜான் பேரியும் இறந்துவிட்டார்கள். இசையமைத்த ஜான் வில்லியம்ஸ் இல்லை. அவருடைய மெட்டுகளை வைத்துக் கென் தார்ன் வேலையை முடித்தார். லெக்ஸ் லூதராக நடித்த ஜீன் ஹேக்மன் மறுபடப்பிடிப்புக்கு வர மறுத்ததால் டூப்பும் குரல் மாற்றும் பயன்பட்டன. மார்லன் பிராண்டோ தயாரிப்பாளர்கள்மேல் வழக்குப் போட்டிருந்தார். அவர் காட்சிகளை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் தாயாக நடித்த சுசன்னா யார்க்கை வைத்தார்கள். ஒரே படம்போல ஓடும் அந்தப் பிரதியைக் கூர்ந்து பார்த்தால், அடுத்தடுத்த காட்சிகளில் ஒளியின் தன்மை மாறுவது தெரியும். டானரின் ஷாட்டுகளில் மென்மையான, பரவிய வெளிச்சம். லெஸ்டரின் ஷாட்டுகளில் தட்டையான, தெளிவான வெளிச்சம்.

2006-இல் டானரின் பிரதி என்ற பெயரில் இன்னொரு வடிவம் வெளியானது. பெட்டிகளில் கிடந்த ஃபுட்டேஜைத் தேடி எடுத்துச் சேர்த்தார்கள். பிராண்டோ திரும்ப வந்தார். இயக்குநர் தரப்பு வாதத்துக்கு இது வெற்றி என்று பலர் எழுதினார்கள். எனக்கு அவ்வளவு எளிதாகப் படவில்லை. கிளார்க்தான் சூப்பர்மேன் என்று நிரூபிக்க லூயிஸ் லேன் ஓட்டல் அறையில் அவனைத் துப்பாக்கியால் சுடும் காட்சி (வெற்றுத் தோட்டா என்று பிறகுதான் தெரியும்) டானரின் திட்டத்தில் முக்கியமான ஒன்று. அவர் அதைப் படத்துக்காக எடுக்கவே இல்லை. கிடைத்தது, கிறிஸ்டஃபர் ரீவுக்கும் மார்கட் கிடருக்கும் வெவ்வேறு நாளில் நடந்த தேர்வுக் காட்சிகள்தாம். அவற்றை வெட்டி ஒட்டியதால் ஒரே உரையாடலுக்குள் ரீவின் உடம்பும் தலைமுடியும் ஷாட்டுக்கு ஷாட் மாறுகின்றன. முடிவு இன்னும் பெரிய சிக்கல். பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தைப் பின்னோக்கித் திருப்புவது இரண்டாம் பாகத்துக்கென்று யோசித்த முடிவு. அதை முதல் பாகத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். டானர் தொடர்ந்திருந்தால் வேறு முடிவு யோசித்திருப்பார். 2006 பிரதியில் வேறு வழியில்லாமல் அதே முடிவு மறுபடியும் வருகிறது.

ஆக, முதல் இயக்குநர் தொடர்ந்திருந்தால் வந்திருக்கும் படம் அந்தப் பெட்டிகளில் இல்லை. அது எடுக்கப்படவே இல்லை. படம் என்பது கடைசி நாள் வரை எடுத்த முடிவுகளின் தொகுப்பு என்பதால், பாதியில் நின்ற திட்டத்தைப் பிற்பாடு மீட்டுவிட முடியும் என்ற நம்பிக்கை இங்கே ஆட்டம் காண்கிறது.

ரசிகர்களின் உரிமை

ரசிகர்களும் உலகை ஆக்குபவர்களே என்ற பார்வைக்கு ஹென்றி ஜென்கின்ஸ் 1992-இல் எழுதிய நூல் அடித்தளம். நிறுவனங்களும் இதைத் தங்கள் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டன. 'ரசிகர்கள் கேட்டது' என்ற சொல் இன்று தயாரிப்பு முடிவுகளுக்கே காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ரசிகர் என்று ஒரே குரல் கிடையாது. ரையன் ஜான்சன் இயக்கிய ஸ்டார் வார்ஸ் படம் 'தி லாஸ்ட் ஜெடை' (2017) வெளியான அன்று தியேட்டர் வாசலில் எடுத்த சினிமாஸ்கோர் கணிப்பில் ஏ வாங்கியது. இணையத்தில் ரசிகர்கள் போட்ட மதிப்பெண்ணோ பாதிக்கும் கீழே. இரண்டில் எதை ரசிகர் தீர்ப்பு என்பது? அடுத்த படத்தில் ஏப்ரம்ஸ் சில திருப்பங்களைத் திரும்பப் பெற்றது எந்தக் குரலைக் கேட்டு என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எப்போது வந்தார்?

மேற்சொன்ன எல்லாத் தரப்புகளும் 'யார்' என்று கேட்கின்றன. தயாரிப்பு வரலாறுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் 'எப்போது' என்ற கேள்விதான் அதிகம் விளக்குகிறது என்பது என் கருத்து. புதிய இயக்குநர் உள்ளே வரும் நாளில் எவையெல்லாம் மாற்ற முடியாதபடி இறுகிவிட்டன? கதையா, செட்டா, வெளியீட்டுத் தேதியா?

ஏலியன் வரிசையின் நடு இரண்டு படங்களை இப்படிப் பார்க்கலாம். அர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கர் 'கோனன்' இரண்டாம் பாகத்துக்குக் கால்ஷீட் கொடுத்திருந்ததால் 'டெர்மினேட்டர்' தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் 1983-இல் கேமரூன் 'ஏலியன்ஸ்' கதையை எழுதத் தொடங்கினார். 'டெர்மினேட்டர்' வெற்றிக்குப் பிறகு இயக்கும் வாய்ப்பும் உறுதியானது. சுமார் 1.8 கோடி டாலர் செலவில், லண்டனுக்கு அருகே பைன்வுட்டில் படப்பிடிப்பு. முதல் நாளிலிருந்தே உரசல். ரிட்லி ஸ்காட்டின் படத்தைத் தொட இந்தப் பையன் யார் என்ற பார்வை பிரிட்டிஷ் தொழிலாளர்களிடம் இருந்தது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள 'டெர்மினேட்டர்' படத்தைத் திரையிட ஏற்பாடு செய்தார், பலர் வரவில்லை. தேநீர் வண்டி வந்தால் வேலை அப்படியே நிற்பதைக் கண்டு அவர் கொதித்தார். ஒளிப்பதிவாளர் டிக் புஷ்ஷை மாற்றி ஏட்ரியன் பிடிலை வைத்தார். பணத் தட்டுப்பாட்டில், உறக்கப் பெட்டிகளில் சிலவற்றை மட்டும் செய்து, எதிரே கண்ணாடி வைத்து வரிசையை நீட்டிக் காட்டினார்கள். இத்தனைக்கும் படம் சிதறவில்லை. எதை எடுக்கிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் அதை எழுதியவர் அவர். ராணி ஏலியனை வரைந்ததும் அவரே.

ஃபிஞ்சருக்கு 28 வயது. விளம்பரங்களும் இசை வீடியோக்களும் எடுத்தவர், இது முதல் படம். அவர் வருவதற்கு முன் வில்லியம் கிப்சன் உட்படப் பல எழுத்தாளர்கள் வந்து போயிருந்தார்கள். ரென்னி ஹார்லின் விலகியிருந்தார். மரத்தால் ஆன கோளில் துறவிகள் வாழும் கதையோடு வந்த வின்சென்ட் வார்டும் போய்விட்டார். அவர் கதையின் எச்சங்கள் சிறைக்கோள் ஆயின. கதை முடிவாகாமலே செட்டுகள் எழுந்தன. வேற்றுலக உயிரி பூமிக்கு வருவதாகத் தோன்றும்படி 1991-இல் ஒரு டீசர் வேறு ஓடியது. படத்தில் பூமியே கிடையாது. ஒளிப்பதிவாளர் ஜோர்டன் கிரோனன்வெத் உடல்நலம் குன்றி விலக, அலெக்ஸ் தாம்சன் வந்தார். செலவு 5 கோடி டாலரைத் தாண்டியது. உயிரி முதலில் ஒரு மாட்டின் உடலிலிருந்து பிறப்பதாக எடுத்தார்கள், பிறகு அதை நாயாக மாற்றினார்கள். 2003-இல் வந்த நீண்ட பிரதியில் மாடு திரும்ப வந்தது. அந்தப் பிரதியை உருவாக்குவதில் ஃபிஞ்சர் பங்கேற்கவில்லை.

இருவரில் யார் திறமைசாலி என்பதை வைத்து இந்த வேறுபாட்டை விளக்கினால் ஃபிஞ்சரின் பிற்கால வாழ்க்கையே அதை மறுத்துவிடும். வெளியீட்டுத் தேதி முதலில் குறிக்கப்பட்டு, அதற்கேற்பச் செட் கட்டப்பட்டு, கடைசியில் கதையும் இயக்குநரும் தேடப்பட்டால் யார் வந்தாலும் கையிலிருப்பது சமாளிக்கும் வேலைதான். குவாரோன் வந்தபோது கதை நாவலில் உறுதியாக இருந்தது, ஆனால் ஊரையும் வீட்டையும் நகர்த்த இடம் இருந்தது. மெக்குவாரி உள்ளிருந்தே வந்தவர். 'பிளேடு ரன்னர் 2049'க்கு வந்த டெனி வில்நவ்வுக்கு முதல் பட இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் ஒத்துழைப்பும் ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸும் இருந்தார்கள். டீக்கின்ஸுக்கு முதல் ஆஸ்கர் அந்தப் படத்தால் கிடைத்தது. ஆனால் செலவுக்குத் தக்க வசூல் வரவில்லை.

இந்த விளக்கத்துக்கும் ஓட்டைகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. 'ஜாஸ் 2' (1978) படப்பிடிப்பு தொடங்கிய பிறகு முதல் இயக்குநர் நீக்கப்பட்டு ஜானோ ஸ்வார்க் அவசரமாக வந்தார். படம் நன்றாகவே ஓடியது. மறுபக்கம், ஜான் பூர்மனுக்கு 'எக்சார்சிஸ்ட்' இரண்டாம் பாகத்தில் (1977) கதையைத் தன் விருப்பப்படி மாற்றி எழுத இடமிருந்தது. படம் தியேட்டரில் கேலிக்கு உள்ளாகி, வெளியான பிறகு அவரே மறுபடி வெட்ட வேண்டிவந்தது. முன்கூட்டி வருவது ஒரு வாய்ப்பு, உத்தரவாதம் அல்ல.

தீராமல் இருப்பவை

முதல் சிக்கல் ஆதாரத்தின் சாய்வு. சண்டை நடந்த படப்பிடிப்புகளைப் பற்றித்தான் நூல்களும் ஆவணப்படங்களும் வருகின்றன. சுமுகமாக இயக்குநர் மாறிய படங்களில் யார் எதை முடிவு செய்தார்கள் என்பது பதிவாவதில்லை. 'டாப் கன்: மேவரிக்' 140 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது, அதில் கோசின்ஸ்கியின் பங்கு எவ்வளவு, குரூஸின் பங்கு எவ்வளவு என்பதை நேர்காணல்களின் மரியாதைப் பேச்சிலிருந்து எடுத்துவிட முடியாது. ஒப்பந்தங்கள் வெளியே வருவதில்லை. ஷாட்ஸ் படித்ததுபோன்ற கடிதக் கோப்புகள் இன்றைய நிறுவனங்களிடமிருந்து எப்போதாவது ஆய்வாளர் கைக்குக் கிடைக்குமா என்பதும் ஐயம்.

இரண்டாவது, தொடர் என்பதே உருமாறிவருகிறது. பத்துப் படங்கள் ஒரே நேரத்தில் திட்டமிடப்படும்போது, ஒரு படத்தின் இயக்குநர் 'முன்கூட்டி வந்தார்' என்று சொல்வதற்கு என்ன பொருள்? அவர் வரும் முன்பே அடுத்த மூன்று படங்கள் அவருடைய முடிவைக் கட்டுப்படுத்தியிருக்கலாம். 2015-இல் தொடங்கிய மூன்று ஸ்டார் வார்ஸ் படங்களின் வரிசையில் எதிர்ப்பக்கத் தவறு நடந்தது என்று வாதிடுவோரும் உண்டு: முழுக் கதைக்கும் இறுதியான வரைபடம் இல்லாமல் ஒவ்வொருவரிடமும் ஒரு படம் கொடுக்கப்பட்டது. மூன்றாவதற்கு இருந்த காலின் ட்ரெவாரோ 2017 செப்டம்பரில் நீக்கப்பட்டதும் ஏப்ரம்ஸை அழைத்து, தேதியை 2019 மே-யிலிருந்து டிசம்பருக்குத் தள்ளினார்கள். அந்த ஏழு மாதம் போதுமானதாக இருந்ததா என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பிரதிகள் கிடைப்பது அபூர்வம். 'சூப்பர்மேன் 2' கிடைத்தது, அதுவும் குறையோடு. அதற்கு அடுத்த நல்ல வாய்ப்பு, ஸ்டார் வார்ஸ் கிளைப்படமான 'சோலோ' (2018). பில் லார்டும் கிறிஸ்டஃபர் மில்லரும் பல மாதங்கள் எடுத்த பிறகு 2017 ஜூனில் நீக்கப்பட்டார்கள். ரான் ஹோவர்ட் வந்து பெரும்பகுதியை மறுபடி எடுத்தார். நடிகர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள், திரைக்கதை அதே காஸ்டன் எழுதியது, ஒளிப்பதிவாளர் அதே பிராட்ஃபோர்ட் யங். இயக்குநர் மாறினால் படத்தில் உண்மையில் என்ன மாறுகிறது என்று காட்ட இதைவிடப் பொருத்தமான ஜோடி அமைவது கடினம். லார்டும் மில்லரும் எடுத்தது இதுவரை ஒரு முழு வடிவமாகப் பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை.